நகராத எண்

தொழிற்சாலையில் அவளுக்குப் புரதக்கா என்று பெயர். பால்பவுடர் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையின் பரிசோதனை அறையில் பத்தொன்பது வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஒரு கிராம் பவுடரை எடுத்து, கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, ஆவியாக வடித்து, சொட்டுச் சொட்டாக அளந்து, இதில் புரதம் இத்தனை சதவீதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எண் கூடினால் மேலாளர் வணக்கம் சொல்வார். குறைந்தால் அன்றைக்கு அவர் கண்ணிலேயே படாமல் இருப்பது நல்லது. அவள் சேர்ந்த புதிதில் யாரோ கேலியாக வைத்த பெயர் அது. அவள் வீட்டு நிலைமை தெரிந்த பிறகு வைத்தவரே நாக்கைக் கடித்துக்கொண்டார், ஆனால் பெயர் ஒட்டியது ஒட்டியதுதான்.

வீட்டில் பதினைந்து வயது மகள். அவளுக்குப் புரதம் ஆகாது. ஆகாது என்றால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற கதை இல்லை, மூளைக்கே ஆகாது.

இதைப் புரதக்கா எத்தனையோ பேருக்கு விளக்கி விளக்கித் தொண்டைத் தண்ணீர் வற்றிப்போனவள். உறவுக்காரர்கள், பள்ளிக்கூட ஆசிரியைகள், பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு வற்புறுத்தும் தாய்மார்கள் என்று பட்டியல் நீளம். புரதம் என்பது ஒரு நீளச் சங்கிலி, அதில் கோத்திருக்கும் கண்ணிகள்தான் அமினோ அமிலங்கள், மொத்தம் இருபது வகை என்று ஆரம்பிப்பாள். சாப்பிட்டதும் வயிறும் குடலும் அந்தச் சங்கிலியைத் தறித்துக் கண்ணி கண்ணியாகப் பிரித்துவிடும். உடம்பு தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வேறொன்றாக மாற்றிக்கொள்ளும். அப்படி மாற்றியாக வேண்டிய ஒன்று ஃபினைல் அலனின். அதை மாற்றுவதற்கென்றே ஈரலில் ஒரு நொதி உண்டு. அந்த நொதியும் ஒரு புரதம்தான், நானூற்றைம்பதுக்கு மேற்பட்ட கண்ணிகள். அது மடிய வேண்டிய விதத்தில் மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். மகளுக்கு அதில் ஒரே ஒரு கண்ணி மாறிப்போயிருந்தது. அந்த ஒன்றால் மொத்தச் சங்கிலியும் ஏறுமாறாக மடிந்து, உடம்பே அதை உதவாக்கரை என்று கழித்துக்கட்டிவிடுகிறது. ஃபினைல் அலனின் போக்கிடம் இல்லாமல் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போய் மூளையைக் கெடுக்கும்.

அப்பா வழியில் வந்தது ஒரு பிழை, அம்மா வழியில் வந்ததும் அதே பிழை. தனித்தனியாக இருந்தவரை இருவருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை. பிறந்த ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம்தான் விஷயத்தைச் சொன்னது. அன்றைக்கே பிடித்துவிட்டதால் பிள்ளை பிழைத்தது, படித்தது, வாயாடியது. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. கறி, மீன், முட்டை, பால், பருப்பு எதுவும் கூடாது. ஒரு நாள் முழுதுக்கும் ஏழே கிராம் புரதம். சோறு என்றால் நாற்பத்தைந்து கிராமுக்கு ஒரு கிராம் கணக்கு, உருளைக்கிழங்கு என்றால் ஐம்பது. மற்ற அமினோ அமிலங்களைக் கலந்த ஒரு மாவு இருக்கிறது, அதை மூன்று வேளையும் கரைத்துக் குடித்தாக வேண்டும். அதன் நாற்றம் குடலைப் பிடுங்கும்.

ஆக, பகலில் புரதம் ஏறினதா என்று பார்க்கும் வேலை, வீட்டுக்கு வந்தால் புரதம் இறங்கினதா என்று பார்க்கும் வேலை. இரண்டிலும் தராசுதான். பதினைந்து வருடத்தில் அவள் ஒரு கவளம் சோற்றைக்கூட அளக்காமல் மகள் தட்டில் வைத்ததில்லை. தோழியின் வீட்டில் என்ன தின்றாய், பாக்கெட்டில் என்ன இருக்கிறது, மாவை முழுசாகக் குடித்தாயா, சாக்கடையில் ஊற்றினாயா என்று கேட்டுக் கேட்டு, வீட்டிலேயே அவள்தான் வில்லி. கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். காலையில் போனால் மாலையில்தான் வருவார், வந்ததும் மகளைச் சிரிக்கவைப்பார். நல்லவர் பட்டத்தை அவர் எடுத்துக்கொண்டார், மிச்சமிருந்தது இவளுக்கு.

அலுப்பு என்றால் தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை. தூக்கத்திலும் அவள் எதையோ எடைபோட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அடுப்படித் தரையில் தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "என்னால இனிமே முடியல" என்று யாரிடமும் இல்லாமல் சொன்னாள். கணவர் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு அப்போது தெரியாது.

எல்லாவற்றிலும் பெரிய பாடு ஞாயிற்றுக்கிழமை ரத்த அட்டை. மாதத்துக்கு ஒரு முறை விரலைக் குத்தி, கெட்டி அட்டையிலிருக்கும் நாலு வட்டங்களையும் ரத்தத்தால் நிரப்பி, காயவைத்து, மருத்துவமனைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். ரத்தத்தில் ஃபினைல் அலனின் எவ்வளவு என்று நாலு நாளில் கைப்பேசிக்கு ஒரு எண் வரும். முந்நூற்று அறுபதுக்குள் இருந்தால் நல்லது, அறுநூறு தாண்டினால் ஆபத்து. மகளுக்குப் பதினாலு முடிந்ததிலிருந்து ஒவ்வொரு அட்டையும் ஒரு போர்க்களமாக இருந்தது. விரலைத் தரமாட்டேன் என்று மகள் கத்துவாள், தந்துதான் ஆகணும் என்று இவள் கத்துவாள். ஐந்து மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் நடுவில் வந்து, இனிமேல் இந்த வேலை என்னுடையது, நீ போய்ப் படு என்றார். அவள் மறுபேச்சுப் பேசாமல் போய்ப் படுத்தாள்.

அந்த முறை வந்த எண் அறுபத்திரண்டு.

அவள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். நானூறு, ஐந்நூற்று முப்பது, அறுநூற்று இருபது என்றே பார்த்துப் பழகிய கண். அறுபத்திரண்டு என்பது நோயே இல்லாத மனிதர்களின் எண். மருத்துவமனையில் புதிதாக வந்திருந்த உணவு ஆலோசகி தொலைபேசியில், ரொம்பக் குறைந்தாலும் வளர்ச்சிக்கு நல்லதில்லை, இரண்டு கிராம் கூட்டிப் பாருங்கள் என்றார். அன்று மாலை மகளின் தட்டில் தொண்ணூறு கிராம் சோறு கூடுதலாக வைத்தபோது புரதக்கா தராசின் எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். சந்தோஷத்தில் படித்தாள். அடுத்த அட்டைக்கு ஐம்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள். அறுபது. ஐம்பத்தொன்பது. அறுபத்தொன்று. பதினைந்து வருடம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போய்விட்டதாக நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் படுத்தால் விளக்கேற்றும் நேரம் வரை எழுந்திருக்க மாட்டாள். சமைக்கும்போது தன்னையறியாமல் பாட்டு முணுமுணுத்தாள். குரல் கண்றாவிதான், ஆனாலும் வீட்டில் யாரும் கேலி செய்யவில்லை.

இடையில் பள்ளியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். வீட்டுப்பாடத்தை மறக்கிறாள், வகுப்பில் பேந்தப் பேந்த விழிக்கிறாள் என்றார்கள். மகள் தலைவலி என்று படுத்துக்கொள்வாள், தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவாள். வயசு அப்படி, கைப்பேசி வேறு, என்று புரதக்கா தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அந்த வியாழக்கிழமை காலை, அடுத்த மேஜைக்காரர் மூன்று தொகுதிகளின் முடிவுகளைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்து நீட்டினார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. எதைக் கேட்டாலும் அவசரம் அவசரம் என்பார், அதனால் அவருக்கு அவசரம் என்றே பெயர். தாளில் 24.10, 24.10, 24.10 என்று இருந்தது. புரதக்கா தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மூணு தொகுதியும் ஒரே மாடு கறந்ததா?" என்று கேட்டாள்.

அவசரம் முதலில் சத்தியம் செய்தார், பிறகு முழங்காலைத் தேய்த்தார். மூன்று மணி நேரம் நின்றால் கால் மரத்துவிடுகிறது, முதல் தொகுதியைப் போட்டேன், மற்றதெல்லாம் அதே சரக்குதானே என்று எழுதிவிட்டேன், நல்ல எண்தானே, யாருக்கு என்ன குறைந்துபோயிற்று என்றார். அவள் திட்டவில்லை. அவர் அலுப்பு அவளுக்குப் புரியாதா என்ன. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினாள்.

"நிஜமா அளந்த எண்ணு கொஞ்சமாவது ஆடும். இது ஆடவே இல்லை. மோசமா வந்திருந்தா நாலு பேரு திரும்பப் போட்டுப் பாப்பாங்க. நல்லா வந்தா ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. அதுதான் எனக்குப் பயம்."

சொல்லி முடித்த வாய் அப்படியே நின்றது.

கைப்பேசியை எடுத்து ஐந்து எண்களையும் வரிசையாகப் பார்த்தாள். அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு, அறுபது, ஐம்பத்தொன்பது, அறுபத்தொன்று. இந்த ஐந்து மாதத்தில் ஏழு கிராமிலிருந்து பதின்மூன்று கிராம் வரை அவள் கையாலேயே கூட்டியிருக்கிறாள். முன்பெல்லாம் அரைக் கிராம் தவறினால் எண் எகிறும். மூன்றாவது மாதம் மகளுக்கு நாலு நாள் காய்ச்சல் அடித்தது. காய்ச்சல் வந்தால் உடம்பு தன் தசைப் புரதத்தையே உடைத்துத் தின்னும், ஒன்றும் சாப்பிடாவிட்டாலும் எண் ஏறியாக வேண்டும். அந்த மாதம்தான் அறுபது. இதெல்லாம் அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஊராருக்கு விளக்குகிறவளே அவள்தான். தெரிந்துகொள்ளத்தான் தெம்பு இல்லாமல் போயிற்று.

அது மகளுடைய ரத்தம் இல்லை.

அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். மகள் பள்ளிக்குப் போகாமல் ஜன்னலை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தலைவலியாம். புரதக்கா அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, புது அட்டை, ஊசி, பஞ்சு எல்லாவற்றையும் எடுத்துவைத்துவிட்டுக் கணவருக்காகக் காத்திருந்தாள். ஐந்தரை மணிக்கு அவர் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மேஜை கண்ணில் பட்டுவிட்டது. கழற்றிய கால் கழற்றியபடி நின்றார்.

"பாப்பா, இங்க வா. விரலைக் கொடு" என்றாள்.

மகள் எழுந்து வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதும். கணவர் இன்றைக்கு வியாழக்கிழமைதானே என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பாதியில் குரல் இறங்கிவிட்டது. புரதக்கா அவருடைய இடது கையைப் பிடித்துத் திருப்பினாள். லிஃப்ட் வேலை செய்கிற கை, எப்போதும் கீறலும் கிரீசுமாகத்தான் இருக்கும், யாரும் உற்றுப் பார்க்க மாட்டார்கள். மோதிர விரல் நுனியின் காய்த்துப்போன தோலில் ஊசி குத்திய புள்ளிகள் நெருக்கமாக இருந்தன.

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். பிறகு மறைக்காமல் சொன்னார். அந்த முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் முழுக்க மகள் தோழிகளோடு சீஸ் வைத்த ரொட்டி தின்றிருக்கிறாள். அவரிடம் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டாள். எண் ஆயிரத்தைத் தொடும் என்று அவருக்குத் தெரிந்தது. அதே வாரம்தான் மனைவி அடுப்படித் தரையில் உட்கார்ந்து முடியல என்று சொன்னதையும் கேட்டிருந்தார். ஒரே ஒரு தடவை என்று நினைத்துத் தன் விரலைக் குத்திக்கொண்டார். அடுத்த மாதத்துக்குள் பிள்ளையை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பது அவர் கணக்கு.

"அந்த நம்பர் வந்ததும் நீ மத்தியானம் படுத்துத் தூங்கின. நான் வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். பதினஞ்சு வருஷத்துல நீ அப்படித் தூங்கி நான் பாத்ததில்லை. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?"

"சோத்தைக் கூட்டினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாமில்ல?"

"வாய் வரைக்கும் வரும். நீ பாட்டுப் பாடிட்டு இருப்ப."

புரதக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. கையிலிருந்த பஞ்சுப் பொட்டலத்தைத் தூக்கி அடித்தாள். பஞ்சு என்பதால் யாருக்கும் படவும் இல்லை, சத்தமும் வரவில்லை. அந்த நேரத்தில் அதுகூட அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"என் தூக்கத்துக்கு என் பொண்ணு மூளையைக் கொடுத்திருக்கீங்க" என்றாள்.

கணவர் முகத்தை மூடிக்கொண்டார். மகள் அப்போதுதான் பேசினாள். அப்பாவைத் திட்டாதே என்றாள். நிறுத்திவிடலாம் என்று அப்பா மூன்றாம் மாதமே சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன் என்றாள். முதலில் சாப்பிடும் ஆசையில்தான் சும்மா இருந்தாளாம். பிறகு பயம் வந்துவிட்டது.

"ஒரு வரி படிச்சா அடுத்த வரிக்குள்ள மறந்துடுதும்மா. தலைக்குள்ள ஏதோ மூடின மாதிரியே இருக்கு. சொல்லிடலாம்னுதான் தினம் நினைப்பேன். நீ நல்லா இருந்த. நான் சொன்னா மறுபடியும் நீ பழைய மாதிரி ஆயிடுவேன்னு பயமா இருந்துச்சு."

புரதக்கா எதிர்பார்த்தது இது இல்லை. பிள்ளை தின்னும் ஆசையில் ஏமாற்றியது என்றால் திட்டிவிட்டுப் போய்விடலாம். புத்தி மங்குவது தெரிந்தும், அம்மா சிரிக்கட்டும் என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. யாரைக் குற்றம் சொல்வது? அட்டையில் ரத்தம் வைத்தது வேண்டுமானால் அவராக இருக்கலாம். ஐந்து எண்களையும் வாங்கிப் பார்த்து, கேள்வி கேட்காமல் போய்ப் படுத்தது அவளேதான். அவசரத்தின் தாளில் ஒரே பார்வையில் பிடித்ததை, சொந்த வீட்டில் ஐந்து மாதம் கோட்டை விட்டிருக்கிறாள்.

மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து விரலைக் குத்தினாள். மகள் கையை உருவிக்கொள்ளவில்லை. நாலு வட்டமும் நிரம்பியது. இந்த முறை தபாலை நம்பவில்லை. மறுநாள் காலையிலேயே இரண்டு பேருந்து மாறிப் போய் மருத்துவமனையில் கையில் கொடுத்து, எண் வரும் வரை அங்கேயே காத்திருந்தாள்.

எண் ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. கட்டுப்பாட்டுக்குத் திரும்பினால் எண் சில வாரங்களில் இறங்கிவிடும், ஞாபகமும் கவனமும் பெரும்பாலும் திரும்பி வரும் என்றார். முழுசாக வருமா என்று புரதக்கா கேட்டாள். டாக்டரம்மா, அதை இப்போதே சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார். வரும் வழியெல்லாம் பேருந்தில் அந்தப் பார்க்கலாம்தான் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டில் அன்று மாலையே இருவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள். மறுபடி ஏழு கிராமிலிருந்து தொடங்கவேண்டும். வாரத்தில் மூன்று நாள் அளப்பது அப்பா, இரண்டு நாள் பாப்பாவே, மிச்சம் இரண்டு நாள் அவள். அட்டை இனி வாரா வாரம், மூன்று பேர் முன்னாலும்தான். சொல்லும்போது குரல் தொழிற்சாலையில் பேசுவதுபோல இருந்தது. கடைசியில் மட்டும் தராசைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினாள்.

"இன்னொண்ணு. நம்பர் நல்லா வந்தாலும் வராட்டியும் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் தூங்குவேன். என் தூக்கத்துக்கும் நம்பருக்கும் சம்பந்தம் கிடையாது. ரெண்டு பேரும் மனசுல வெச்சுக்கோங்க."

கணவர் தலையாட்டினார். மகள் நம்பாதவள்போலப் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைகள் லேசாக இல்லை. முதல் அட்டைக்கு ஆயிரத்து எண்பது. மகள் அந்த மாவைக் குடித்துவிட்டு வாந்தி எடுத்தாள், மறுபடி கரைத்துக் குடித்தாள். கணவர் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவராமல் அளந்து, தட்டையும் சேர்த்து எடைபோட்டு, பிள்ளையைப் பாதிப் பட்டினி போட்டார். புரதக்காவுக்குக் கை துருதுருத்தது, ஆனாலும் பிடுங்கிச் செய்யவில்லை. பள்ளியில் இன்னும் மறதி, இன்னும் புகார். ஒருநாள் மகள் ஒரு பக்கத்தை முழுசாகப் படித்து ஒப்பித்தாள். மறுநாள் தன் வகுப்பறை எண்ணையே மறந்து வெளியே நின்றாள்.

மூன்றாவது அட்டையின் எண் தாமதமாகி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவும் நேரத்தில் வந்தது. இருவரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். எழுநூற்று முப்பது என்று சத்தமாகப் படித்தாள். இறங்கியிருந்தது, ஆனால் அவள் வேண்டிக்கொண்ட அளவுக்கு இல்லை. ஆபத்துக் கோட்டுக்கு மேலேதான். மகளின் உதடு கோணியது.

"சரி, இறங்கிட்டுதான் வருது. எனக்குத் தூக்கம் வருது, நான் போறேன்" என்று சொல்லிவிட்டு புரதக்கா எழுந்து உள்ளே போனாள்.

படுத்தாள். தூக்கம் வரவில்லை. எழுநூற்று முப்பது, பார்க்கலாம், எழுநூற்று முப்பது என்று அதுவே ஓடியது. அடுப்படியில் அப்பாவும் மகளும் மாலைச் சோற்றுக்கு மூன்று கிராம் கூடுதலா குறைச்சலா என்று தணிந்த குரலில் வாதாடுவது கேட்டது. இடையில் பேச்சு நின்றது. வெறுங்காலடி ஒன்று மெதுவாக வந்து அறைக்கதவு ஓரமாக நின்றது. மகள்தான். பார்க்க வந்திருக்கிறாள்.

புரதக்கா கண்ணை இறுக்காமல், சாதாரணமாக மூடிக்கொண்டாள். வாயை லேசாகத் திறந்து, ஆழமாக, ஒரே சீராக மூச்சு விட்டாள். மகள் வெகுநேரம் நின்றாள். அவள் திரும்பிப் போகும் வரை தாய் அப்படியே மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.